மீட்டரில் ஜீரோ, மூச்சில் எவ்வளவு?

பெறுநர்: இயக்குநர் அவர்கள், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், சென்னை.

மதிப்புக்குரிய இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

பெட்ரோல் பங்க்குகளில் பூமிக்கு அடியில் புதைந்திருக்கும் டேங்குகளைத் தோண்டி எடுக்கிற வேலையில் நான் சூப்பர்வைசர். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். நடுவில் மூன்று வருஷம் சிங்கப்பூர் போய் வந்தேன். அதைத் தவிர இருபது வருஷத்துக்கு மேல் இதே பிழைப்புதான். திருச்சி, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என்று காண்ட்ராக்டருக்கு எங்கே வேலை கிடைக்கிறதோ அங்கே கூடாரம். பெயர் போடாமல் எழுதுகிறேன். போட்டால் அடுத்த வேலைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

முதலில் ஒரு நாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், கத்திரி வெயில் நேரம். நான்குவழிச் சாலையோரம் ஒரு பங்க். சாலையை அகலப்படுத்தியதில் முன்பக்க இடம் போய்விட்டது. டேங்குகளை எடுத்துப் பின்னால் வைக்க வேண்டும். முதலில் கை வைத்தது 15 கிலோலிட்டர் பெட்ரோல் டேங்க். சரக்கை முந்தின நாளே லாரியில் உறிஞ்சி எடுத்தாகிவிட்டது. அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கசடு மட்டும் மிச்சம். துருவும் தண்ணீரும் பெட்ரோலும் கலந்து, ரசத்துக்கு அடியில் தங்கும் மண்டி மாதிரி இருக்கும்.

காலையில் மேன்ஹோல் போல்ட்டுகளைப் பித்தளை ஸ்பேனரால் கழற்றினோம். தீப்பொறி வரக் கூடாது என்பதற்காகப் பித்தளை. பிளோயர் வைத்து ஒன்றரை மணிநேரம் காற்றடித்தோம். பிறகு கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி நான்தான் உள்ளே விட்டேன். தீப்பிடிக்கும் ஆபத்தைக் காட்டுகிற எல்.ஈ.எல். 0, ஆக்சிஜன் 20.9 சதவீதம். மேலே இழுத்து எல்லாருக்கும் காட்டி, "ஜீரோ, இறங்கலாம்" என்றேன்.

இறங்கியவர் எங்கள் கேங்கிலேயே மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மூக்கில் துண்டு, இடுப்பில் கயிறு, கையில் பிளாஸ்டிக் முறமும் வாளியும். இருபது நிமிஷம் கசடை அள்ளி அள்ளி மேலே கொடுத்தார். ஏறி வந்தவர் சிரித்துக்கொண்டே இருந்தார். சும்மா சிரிப்பு. பெயரைக் கேட்டாலும் சிரிப்பு, தண்ணீர் கொடுத்தாலும் சிரிப்பு. நடக்கச் சொன்னால் கால் பின்னியது. "காலையிலேயே போட்டுட்டு வந்துட்டீங்களாண்ணே?" என்று கத்தினேன். வாயை ஊதச் சொன்னேன். சாராய வாடை இல்லை. பெட்ரோல் வாடை அடித்தது.

நிழலில் படுக்க வைத்தோம். அரை மணிநேரத்தில் தெளிந்துவிட்டார். ஒரு கட்டி வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு, "ஒன்னுமில்ல சார், பழகினதுதான்" என்று மறுபடி கயிற்றைத் தேடினார். நான் மீட்டரைத் திரும்பவும் இறக்கினேன். காலையில் மேன்ஹோல் கழுத்துக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்தியிருந்தேன். இந்த முறை கசடு கிளறிய இடம் வரைக்கும் விட்டேன். 6 காட்டியது. எங்கள் செக்லிஸ்ட்படி 10க்குக் கீழே இருந்தால் வேலை செய்யலாம். டிக் அடித்தேன். வேறொருவர் இறங்கினார்.

அந்த டிக் என்ன அளந்தது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. அதற்கப்புறம் சிங்கப்பூர் ஜூரோங் தீவில், ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற ஒரு ஷட்டவுன் வேலைக்குப் போயிருந்தபோது, ஒரு பெண் அதிகாரி காலையில் வந்து என் சட்டைக் காலரில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டினார். சுண்டுவிரல் நீளம், உள்ளே கருப்பாகக் கரித்தூள். மாட்டுவதற்கு முன் இரண்டு முனையையும் சட்டென்று உடைத்தார். இடுப்பில் ஒரு சின்ன பம்ப், அதிலிருந்து தோள் வழியாக ரப்பர் குழாய். மூக்குக்கு ஒரு சாண் தூரத்துக் காற்றை அந்த பம்ப் நாள் முழுக்க மெதுவாக உறிஞ்சிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் கழற்றி, இரு முனைக்கும் மூடி போட்டு, என் பெயரை எழுதி லேபுக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து ஒரு தாள் வந்தது. நான் எவ்வளவு பென்சீனைச் சுவாசித்தேன் என்று அதில் போட்டிருந்தது. பெட்ரோலில் இருக்கிற, ரத்தப் புற்றுநோய் வரவைக்கக்கூடிய ரசாயனம் அது. தொழிலுக்கு வந்து அத்தனை வருஷத்தில் என் மூச்சை ஒருத்தர் அளந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

தீக்கும் மூச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்தான் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினார். உங்களுக்குத் தெரிந்த கணக்குதான். ஆனால் இந்த மடலைப் படிக்கிற மற்ற சூப்பர்வைசர்களுக்காக எழுதுகிறேன். பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 சதவீதம் சேர்ந்தால் தீப்பிடிக்கும். மீட்டர் அதைத்தான் 100 என்று எடுத்துக்கொள்கிறது. 1.4 சதவீதம் என்றால் 14,000 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 14,000 பங்கு. ஆக, மீட்டரில் 1 என்றால் 140 பி.பி.எம். ஆவி. இப்போது விற்கிற பி.எஸ்.6 பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். ஆவியில் நூற்றுக்கு ஒரு பங்கு பென்சீன் என்று வைத்துக்கொண்டால் 1.4 பி.பி.எம். அரைப் பங்குதான் என்றாலும் 0.7. நம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பென்சீனுக்கு எட்டு மணிநேரச் சராசரியாக வைத்த வரம்பு 0.5.

மீட்டர் 1 காட்டும்போதே அந்த இடத்துக் காற்று வரம்பைத் தாண்டிவிடுகிறது. அன்றைக்கு 6 காட்டியதே, அது 4இலிருந்து 8 பி.பி.எம். பென்சீன். அதுவும் கசடு அள்ளி முடித்து அரை மணிநேரத்துக்கு மேல் ஆன பிறகு. அள்ளிக்கொண்டிருந்தபோது என்ன இருந்திருக்கும் என்பது அண்ணனின் சிரிப்புக்குத்தான் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது. இங்கே நாங்கள் வாடகைக்கு எடுக்கிற மீட்டர்கள் பெரும்பாலும் மீத்தேன் வாயுவை வைத்து கேலிபரேஷன் செய்தவை, அதாவது அளவு சரிசெய்தவை. பெட்ரோல் ஆவியை அவை உண்மையைவிடக் குறைத்தே காட்டும்.

மீட்டரைக் குறை சொல்லவில்லை. டேங்க் வெடிக்குமா என்று கேட்டால் அது சரியாகவே பதில் சொல்கிறது. பழைய டேங்க் வெடித்துச் செத்தவர்கள் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், அதன் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் மனுஷன் மூச்சு விடலாமா என்ற கேள்வியையும் அதே மீட்டரிடம் கேட்டு, அதே பதிலை எழுதிக்கொள்கிறோம். வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்கு நாக்பூரில் தலைமையகம் இருக்கிறது, பெட்ரோலியம் விதிகள் 2002 இருக்கின்றன. ஆவி இல்லை என்று சான்று வாங்காமல் டேங்குக்குள் ஆள் இறங்கக் கூடாது என்று எழுத்தில் இருக்கிறது. நெருப்புக்கு ஆள் இருக்கிறது. மூச்சுக்கு நீங்கள்தான், அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

மூக்கை நம்பலாமே என்பார்கள். பென்சீன் வாடை தெரிகிற அளவுக்கு வருவதற்குள் 0.5ஐ எப்போதோ தாண்டியிருக்கும். தவிர, காலையில் அடித்த பெட்ரோல் வாடை பத்து மணிக்கு அடிக்காது. காற்று சுத்தமாகிவிட்டதால் இல்லை, மூக்கு சோர்ந்துவிடுவதால். துண்டோ, கொரோனா காலத்தில் மிஞ்சிய என்-95 மாஸ்க்கோ ஆவியை நிறுத்தாது. அவை தூசிக்கு மட்டும்தான். ஆவி பிடிக்கிற கரி கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அதுவும் உதவாது, டேங்குக்குள் இறங்குகிறவருக்கு வெளியிலிருந்து குழாயில் காற்று வர வேண்டும். ஆனால் எந்த மாஸ்க் போதும் என்று முடிவு செய்யவே முதலில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமே.

டேங்கையாவது ஒரு முறை மீட்டர் எட்டிப் பார்க்கிறது. குழியை யாரும் பார்ப்பதில்லை. டேங்கைச் சுற்றி மணல் நிரப்பியிருப்பார்கள். பைப் ஜாயிண்டில் வருஷக்கணக்கில் கசிந்தது, நிரப்பும்போது சிந்தியது எல்லாம் அந்த மணலில் ஊறிக் கிடக்கும். பொக்லைன் ஒரு பக்கெட் மணலை அள்ளிப் புரட்டினால் கண் எரியும். ஆபரேட்டராவது மேலே கேபினில் இருக்கிறார். கீழே இரண்டு பேர், ஹைட்ரா கிரேன் தூக்குவதற்காக டேங்குக்கு அடியில் பெல்ட்டை நுழைத்துக்கொண்டு, ஈர மணலில் முழங்காலிட்டு, முகத்தை மண்ணுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், குழியில் தண்ணீர் மாதிரி தேங்கும். மேலே வானம் தெரிகிற குழி என்பதால் அதை யாரும் மூடிய இடமாக நினைப்பதில்லை. பெர்மிட் கிடையாது, அளவு கிடையாது. என் அனுபவத்தில் அதிக நேரம் அதிக ஆவி குடிப்பது டேங்குக்குள் இறங்கியவர் இல்லை, இந்தப் பெல்ட் கட்டுகிற ஆட்கள்தான். இதை நான் அனுமானமாகத்தான் சொல்ல முடிகிறது. அளந்திருந்தால் எண்ணாகச் சொல்லியிருப்பேன்.

தூக்கிய டேங்க் அப்புறம் காயலான் கடைக்குப் போகிறது. காலையில் ஆவி இல்லை என்று சான்று வாங்கிய டேங்க், மத்தியான வெயிலில் துருப்பொருக்குக்கு அடியில் ஒட்டியிருந்த எண்ணெய் சூடாகி மறுபடி ஆவி விடும். அதை வெல்டிங் செட் வைத்து வெட்டுகிறவர்கள் யாருடைய கணக்கிலும் இல்லை. 2000 பிப்ரவரிக்கு முன்னால் புதைத்த டேங்க் என்றால் அதில் ஈயம் கலந்த பெட்ரோலும் இருந்திருக்கும். அந்தக் கசட்டைக் கையால் வழிப்பவரிடம் அதை யாரும் சொல்வதில்லை. அதை வழித்த கையைக் கழுவுவதற்கும் பக்கத்தில் ஒரு மக்கில் பெட்ரோல்தான் வைத்திருப்பார்கள். பென்சீன் தோல் வழியாகவும் உள்ளே போகும்.

"அரை நாள் வேலை, என்ன ஆகிவிடப் போகிறது?" பங்க் முதலாளியும் கேட்கிறார், எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியரும் கேட்கிறார். அவர்கள் பங்க்குக்கு அரை நாள்தான். எங்கள் கேங் ஏழு பேர் இந்த மாதம் மணப்பாறை, அடுத்த மாதம் ஒட்டன்சத்திரம். பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் ஆன பிறகு டேங்கில் கொஞ்சம் தண்ணீர் இறங்கினாலே சரக்கு கெட்டுவிடுகிறது, அதனால் சுத்தம் செய்கிற வேலையும் கூடியிருக்கிறது. பங்க் மாறுகிறது, டேங்க் மாறுகிறது, ஆவியைக் குடிக்கிற ஆள் மாறுவதில்லை. ஒவ்வொரு பங்க்கின் கோப்பிலும் எங்களுடைய அரை நாள் தனித்தனியாகக் கிடக்கிறது. கூட்டிப் பார்க்க எந்தப் பதிவேடும் இல்லை.

எட்டு மணிநேரச் சராசரி மட்டும் போதாது என்பதற்கும் இந்த வேலையே சாட்சி. மேன்ஹோல் திறக்கிற நேரம், கசடு அள்ளுகிற நேரம், ஈர மணலைப் புரட்டுகிற நேரம் எல்லாம் பத்து இருபது நிமிஷம்தான். நாள் முழுக்கப் பரப்பிப் பார்த்தால் எண் அழகாக இருக்கும். அமெரிக்காவில் 1987இலிருந்தே பென்சீனுக்கு இரண்டு வரம்பு. எட்டு மணிநேரத்துக்கு 1 பி.பி.எம்., எந்தப் பதினைந்து நிமிஷத்தை எடுத்தாலும் 5க்கு மேல் போகக் கூடாது. அங்கே தொழில் சுகாதார வல்லுநர்கள் அமைப்பு ஒன்று தன் பரிந்துரையை 2024இல் 0.5இலிருந்து 0.02க்கு இறக்கிவிட்டது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை பென்சீனை எப்போதோ முதல் பிரிவில், அதாவது மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், வைத்துவிட்டது. 2025இல் வாகன பெட்ரோலையே அந்தப் பிரிவுக்குக் கொண்டுவந்தது. உலகம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. நாங்கள் இன்னும் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் புதிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. மின்சாரத்தில் ஓடும் இடம் தொழிற்சாலை ஆக முன்பு 10 பேர் போதும், இப்போது 20 பேர். எங்கள் கேங் ஏழு பேர். பழைய சட்டத்திலும் விழவில்லை, புதியதிலும் விழவில்லை. ஆனால் ஆபத்தான வேலை என்றால் ஒரே ஒரு தொழிலாளி இருக்கிற இடத்தையும் அறிவிக்கை போட்டு உள்ளே கொண்டுவர வழி வைத்திருப்பதாக அரசே சொல்கிறது. ரசாயனங்களுக்கான காற்று வரம்பை வகுப்பதும் இப்போது மாநில விதிகளின் பொறுப்பு. நிலத்தடி எரிபொருள் டேங்கைத் திறப்பது, சுத்தம் செய்வது, தோண்டி எடுப்பது, வெட்டுவது எல்லாவற்றையும் அப்படியொரு ஆபத்தான வேலையாக அறிவிக்க நீங்கள் அரசுக்குப் பரிந்துரை செய்ய வேண்டும். நான் கேட்பதில் பெரியது இதுதான்.

மற்றதெல்லாம் சின்னது. ஒவ்வொரு டேங்க் வேலையிலும் குறைந்தது இரண்டு பேர் காலரில் கரிக்குழாய் இருக்கட்டும். ஒன்று கசடு அள்ளுகிறவருக்கு, ஒன்று குழியில் பெல்ட் கட்டுகிறவருக்கு. சூப்பர்வைசர் காலரில் மாட்டிக் கணக்குக் காட்ட விடாதீர்கள். நான் நிழலில் நிற்கிறவன், என் குழாயில் நல்ல எண்தான் வரும். அந்தப் பத்து இருபது நிமிஷ வேலைகளுக்குத் தனிக் குழாய் வேண்டும். லேப் முடிவு வரப் பத்து நாள் ஆகும், அதற்குள் நாங்கள் வேறு ஊரில் இருப்போம். அதனால் அந்த இடத்திலேயே பி.பி.எம். அளவில் காட்டுகிற பி.ஐ.டி. மீட்டர் ஒன்றும் வேண்டும். அது பென்சீனைத் தனியாகப் பிரித்துக் காட்டாது, மழை ஈரத்தில் கொஞ்சம் தடுமாறும். இருந்தாலும் ஜீரோவுக்கும் நூறுக்கும் வித்தியாசம் சொல்லும், எப்போது ஆளை மேலே ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். காலையில் ஒரு தடவை பார்த்துவிட்டு நாள் முழுக்க அதையே நம்பாமல், கசடைக் கிளறும்போதும் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகும் திரும்ப அளக்க வேண்டும்.

செலவு என்பார்கள். ஹைட்ராவுக்கு ஒரு நாள் கூடுதல் வாடகை வந்தால் முகம் சுளிக்காமல் கொடுக்கிறவர்கள்தான் இவர்கள். எண்ணெய்க் கம்பெனிகள் டெண்டரில் இதை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் எல்லாக் காண்ட்ராக்டருக்கும் ஒரே செலவு. அந்த வரி இல்லாதவரை, அளக்கிறவன் ரேட் கூடிப் போய் வேலை இழப்பான், அளக்காதவனுக்கு வேலை கிடைக்கும்.

உடம்புக்குள் போனதையும் பார்க்க வழி இருக்கிறது. வேலை முடிந்த சாயங்காலம் கொடுக்கிற சிறுநீரில் பென்சீனின் தடயம் தெரியும். புதிய சட்டம் இலவச ஆண்டு மருத்துவப் பரிசோதனை என்கிறது, சந்தோஷம். ஆனால் இதற்கு முன் எங்களுக்கு நடந்த முகாமில் ரத்த அழுத்தம் பார்த்து, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து அனுப்பிவிட்டார்கள். பென்சீன் கை வைப்பது எலும்பு மஜ்ஜையில், எக்ஸ்ரேயில் அது தெரியாது. முழு ரத்த அணு எண்ணிக்கை எடுத்து, போன தடவை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிகரெட் பிடிப்பவரா என்றும் கேட்டு எழுத வேண்டும், அதன் புகையிலும் பென்சீன் உண்டு. இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பீடி மேல் தள்ளிவிடுவார்கள்.

இந்த எண்களெல்லாம் பங்க் கோப்பில் தூங்கக் கூடாது, ஆளோடு போக வேண்டும். எங்களில் பாதிப் பேரிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறது. அந்த எண்ணிலேயே பதியலாம். அட்டை இல்லாத வடமாநிலப் பையன்களுக்கு வேறு வழி நீங்கள்தான் சொல்ல வேண்டும். முடிவை அவரவர் மொழியில் அவரவர் கையில் கொடுப்பதும் சேர்ந்தால்தான் அது அளந்ததாகும்.

2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பங்க்குகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. பள்ளிக்கூடத்திலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், கசிவு வந்தால் மண்ணையும் நிலத்தடி நீரையும் பார்க்க வேண்டும் என்றெல்லாம் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மண்ணைத் தோண்டுகிறவனின் நுரையீரல்தான் இன்னும் யாருடைய வழிகாட்டுதலிலும் வரவில்லை.

அண்ணன் இப்போது வேலைக்கு வருவதில்லை. வயசாகிவிட்டது என்கிறார். ஊரில் ஆடு மேய்க்கிறார். சட்டென்று களைத்துவிடுகிறது என்று போனில் சொன்னார். அது வயசா, வெயிலா, நான் சொன்ன ஜீரோவா என்று என்னால் சொல்ல முடியாது. அவர் மூச்சை நாங்கள் ஒரு நாள்கூட அளந்ததில்லை. ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். "பாத்துக்கலாம் சார்" என்கிறார்.

வருகிற மாதம் திண்டுக்கல் பக்கம் இரண்டு பெட்ரோல் டேங்கும் ஒரு டீசல் டேங்கும் எடுக்கிறோம். என் கைக்காசில் இரண்டு கரிக்குழாய் செட் வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன். காண்ட்ராக்டருக்குத் தெரியும், மறுப்பு சொல்லவில்லை. உங்கள் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்ப முடியுமா? மேன்ஹோலைக் காலை ஏழு மணிக்குத் திறப்போம். அதற்கு முன் குழாய்களைக் காலரில் மாட்டியாக வேண்டும், ஆறரைக்கு வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
டேங்க் வேலை சூப்பர்வைசர் ஒருவர், திருச்சி மாவட்டம்